கவுண்ட்டர்காரரின் புது இமைகள்

ஆபரேஷன் முடிந்து பதினாறு நாளாகியும் வலது கண் மூடவில்லை. முக்கால்வாசி மூடும், மிச்சம் ஓர் அரிசி அகலத்துக்குத் திறந்தே கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை, குறட்டை விட்டுக்கொண்டும் தன்னை முறைத்துக்கொண்டும் படுத்திருந்த கணவரைப் பார்த்து மனைவி அரண்டுபோனாள்.

"தூங்கறதுன்னா தூங்குங்க, முறைக்கறதுன்னா முறைங்க. ரெண்டையும் சேர்த்துச் செய்யாதீங்க," என்று உலுக்கி எழுப்பினாள்.

விடிந்தால் திங்கட்கிழமை. தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் வந்து, நாள் முழுக்க அவர் பக்கத்தில் உட்கார்ந்து வேலையைப் பார்க்கப் போகிறார். பார்த்தது பிடித்துவிட்டால் எல்லாக் கிளைகளின் புகார்ப் பிரிவுக்கும் இவரே தலைவர். பிடிக்காவிட்டால் ஓய்வு பெறும்வரை அதே கவுண்ட்டர், அதே சுழல் நாற்காலி.

வீட்டுச் சாமான் விற்கும் கம்பெனியில் புகார் கவுண்ட்டர் அவருடையது. பதினோரு வருஷமாக ஒரு புகார்கூட அவரைத் தாண்டி மேலே போனதில்லை. தாம்தூம் என்று குதித்துக்கொண்டு வருகிறவர்கள் பத்து நிமிஷத்தில் அடங்கி வீடு போய்ச் சேர்ந்துவிடுவார்கள். எல்லாம் தன் பேச்சு சாமர்த்தியம் என்று மனிதருக்கு ஏகப்பட்ட கர்வம். அந்தப் பேச்சுக்கு மேலே தொங்கிய இமைகள்தான் அவருக்குப் பிடிக்கவில்லை. பிழியாத துணி மாதிரி இரண்டும் கண்மேல் விழுந்து கிடக்கும். ஆபீஸில் அவருக்குத் தூங்குமூஞ்சி என்றே பெயர். தூங்குமூஞ்சியைத் தூக்கித் தலைவர் நாற்காலியில் யார் வைப்பார்கள் என்று யோசித்தார். இமையை வெட்டித் தைத்துக்கொள்வதென்று முடிவுகட்டினார்.

செருப்பு வாங்க நாலு கடை ஏறி இறங்குகிற ஆசாமி, கண்ணை வெட்டிக்கொள்ள ஒரே ஓர் இடத்துக்குத்தான் போனார். போனில் வந்த விளம்பரம் போதுமாக இருந்தது. கத்தி பிடிக்கப்போகிறவர் கண் படித்தவரா, பல் படித்தவரா, இதுவரை எத்தனை இமையை வெட்டியிருக்கிறார், வெட்டியது சரியாக வராவிட்டால் என்ன கதி, எத்தனை நாள் வீட்டில் கிடக்கவேண்டும்? ஒரு கேள்வி கேட்கவேண்டுமே, மூச்! சுவரில் மாட்டியிருந்த படங்களில் எல்லோரும் கண்ணகலச் சிரித்தார்கள். அதைப் பார்த்து இவரும் சிரித்தார்.

உள்ளே ஒரு தாளில் கேள்விகள் அச்சடித்துக் கொடுத்தார்கள். கண் உலர்ந்து எரிவதுண்டா? எரிவதுண்டு, ஆனால் இல்லை என்று எழுதினார். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா? இதய டாக்டர் சொல்லி இரண்டு வருஷமாக தினமும் முழுங்குகிறார், அதற்கும் இல்லை. உண்மையைச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். டாக்டரை ஏமாற்றிவிட்ட பெருமை வேறு. அப்புறம் எட்டுப் பக்கச் சம்மதப் பத்திரம் வந்தது. எட்டுப் பக்கத்தின் அடியிலும் மளமளவென்று கையெழுத்துப் போட்டுத் தள்ளினார்.

மாத்திரை சும்மா இருக்குமா? முதல் வாரம் முகம் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்தது. மனைவி தன்னை அடித்துவிட்டதாக அக்கம்பக்கத்தில் பேச்சு என்று தெரிந்ததும் வாசல் பக்கமே போகாமல் இருந்தார். வீக்கம் வடிந்து பார்த்தால், கண் மூடவில்லை.

மனைவி உலுக்கி எழுப்பிய இந்த ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கத்தினார். எடுத்த பெண் பதறவேயில்லை. இப்படி ஆகலாம், சிலருக்கு வாரக்கணக்கில் ஆகும், களிம்பு போடுங்கள், நாளைக்குக் காலையில் டாக்டரிடம் வந்து காட்டுங்கள் என்றாள். நாளைக்கு முடியாது என்று இவர் எகிற, அவள் நிதானமாகச் சொன்னாள்:

"எல்லாம் அஞ்சாம் பக்கத்துல இருக்கே சார். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி படிச்சிருக்கணும்."

அது அவருடைய சொந்த வசனம். உத்தரவாதச் சீட்டை நீட்டுகிற ஒவ்வொருவரிடமும் பதினோரு வருஷமாக அவர் சொல்லிவந்தது. போனை வைத்துவிட்டார்.

டாக்டர் எதற்கு, நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று அடுத்த கூத்து ஆரம்பித்தது. இமையை இழுத்து மூடி பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு மத்தியானம் படுத்தார். உரித்தபோது பாதி இமைமுடி அதோடு போய், ஓரமெல்லாம் சிவந்து தடித்தது. தடிப்பு அடங்க ஐஸ் கட்டியை அழுத்தினார். வடியத் தொடங்கிய கன்றல் மறுபடி நீலமானது. நீலத்தை மறைக்க மனைவியின் பவுடரை அப்பினார். மூடாத கண்ணுக்குள் பவுடர் போய், கண் மிளகாய்ப் பழமாகி, தாரை தாரையாக நீர் வழிந்தது.

மனைவி இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள். "முன்னாடி தூக்கமாவது இருந்துச்சு உங்க மூஞ்சில. இப்ப ஒண்ணுமே இல்ல."

திங்கட்கிழமை கறுப்புக் கண்ணாடியோடு கவுண்ட்டரில் உட்கார்ந்தார். தலைமை அலுவலக அம்மாள் மரியாதையாகத்தான் கேட்டார், வாடிக்கையாளருக்கு நம் கண் தெரியவேண்டாமா என்று. கழற்றினார். அம்மாள் தன் நாற்காலியை ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

முதலில் வந்தவருக்கு ஃபிரிட்ஜ் குளிரவில்லை. இவர் தன் பேச்சு சாமர்த்தியத்தை அவிழ்த்துவிட்டார். அதே சொற்கள், அதே குழைவு. வந்தவர் பாதியில் எழுந்து நின்றார்.

"எதுக்கு சார் முறைக்கிறீங்க? காசு குடுத்து வாங்கினது நானு."

முறைக்கவில்லை, கண்ணே அப்படித்தான் என்று இவர் விளக்கப்போய், கண்ணில் நீர் கொட்டியது. அழுது நடிக்கிறான் என்று அவர் மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்தவரிடம் சிரித்துப் பார்த்தார். அகல விழித்த கண்ணோடு அந்தச் சிரிப்பைப் பார்த்து, மிக்ஸி கொண்டுவந்த பெண் மிக்ஸியை விட்டுவிட்டே ஓடிப்போய் மானேஜரைக் கூட்டிவந்தாள். மத்தியானத்துக்குள் ஆறு புகார் மேலே போயிருந்தது. பதினோரு வருஷத்து மானம் ஒரே காலையில் போச்சு. இருந்தாலும் விடவில்லை. கண் போனால் என்ன, நாக்கு இருக்கிறது. இந்த அம்மாளுக்கு அதைக் காட்டாமல் விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

மூன்று மணிக்கு, மாதம் தவறாமல் வாஷிங் மெஷின் புகாரோடு வரும் ஆசிரியை வந்தார். இவரைப் பார்த்தார், அடையாளம் தெரியாமல் சுற்றுமுற்றும் தேடினார். எப்போதும் இருப்பாரே, அந்த சார் எங்கே என்று அம்மாளிடம் விசாரித்தார். இவருக்கு உயிர் வந்தது. நான்தான் என்று சொல்ல வாயெடுத்தவரைக் கையமர்த்திவிட்டு, அம்மாள் ஆசிரியையிடம் கேட்டார்:

"அவர் அவ்வளவு நல்லாப் பேசுவாரா?"

"பேச்சா? அதை யாருங்க கேட்டா," என்றார் ஆசிரியை. "அந்தத் தொங்கின கண்ணைப் பார்த்தாலே, பாவம், இந்த மனுஷனுக்கு என்ன கஷ்டமோ, நம்ம மெஷின் வேற எதுக்குன்னு நாங்களே எந்திரிச்சுப் போயிடுவோம்."