தலைவர் கிச்சூருவும் ஏழு சீட்டு வேனும்

இந்த ஆகஸ்டில் மாசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்குப் போய், வில்டபீஸ்ட் மான் மந்தை ஆற்றைத் தாண்டுவதைப் பார்த்தே தீருவது என்று கிச்சூரு தீர்மானித்தார். தீர்மானித்த கையோடு ஒரு குழுவும் போட்டார். அவர் ஊரான நக்குருவில் அவர் தலைவராக இல்லாத குழு கிடையாது. கல்யாணக் குழு, கருமாதிக் குழு, தேவாலயக் கூரைக் குழு, எல்லாவற்றிலும் அவரே தலை. வேலை செய்யும் கைகள் மட்டும் வேறு யாருடையதாவது இருக்கும்.

சனிக்கிழமைதோறும் கூட்டம் அவர் வீட்டில். மூன்று நண்பர்கள் மனைவியரோடு வந்தார்கள். கூடத்தில் ஆண்கள் பயணத்தில் போடும் தொப்பியின் நிறத்தை விவாதித்தார்கள். அடுக்களையில் உகாலி என்ற மக்காச்சோளக் களியைக் கிண்டிக்கொண்டே, வேன், கூடாரம், நுழைவுச்சீட்டு எல்லாவற்றையும் போனில் பேசி முடித்தாள் அவர் மனைவி நியாவிரா. தொப்பி இன்னும் முடிவாகவில்லை.

சிக்கல் ஒன்றுதான். போகவேண்டியவர்கள் நாலு ஜோடி. வேனில் இடமோ ஏழு பேருக்கு.

"அப்போ யாரு வீட்டுல நிக்கிறது?" என்றாள் நியாவிரா.

"அதைக் குழு முடிவு பண்ணும்."

"குழுன்னா நீங்கதானே, வைரிமு அப்பா," என்றாள், மூத்த மகள் பேரால் அவரை அழைத்து.

"சேச்சே. இது ஜனநாயகம்."

"வருஷாவருஷம் பூகோள வகுப்புல அந்த ஆத்தைக் கரும்பலகையில வரையறேன். ஒரு தடவையாவது நேர்ல பாக்கணும்."

"அதான் வரைஞ்சு வரைஞ்சு எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கியே. தெரிஞ்சவ போய் என்னத்தைப் பாக்கப்போற? தெரியாதவன் நான். நான்தான் போகணும்."

தனக்கு ஒரு விஷயம் தெரியாது என்று கிச்சூரு வாழ்க்கையில் ஒப்புக்கொண்டது அதுதான் முதல்முறை. அதுவும் ஒரு ஜன்னலோர சீட்டுக்காக.

கடைசிக் கூட்டத்தில் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

"நண்பர்களே, நாம காட்டுக்குப் போயிடுவோம். பின்னால வீடு இருக்கு, பிள்ளைங்க இருக்கு, பசுமாடு இருக்கு. அதனால இல்லக் காவல் துணைக்குழுன்னு ஒண்ணு வேணும். அந்தத் தலைமை என் பதவியைவிடப் பெரிசு. சிங்கத்தை எவன் வேணா பாத்துட்டு வரலாம். வீட்டைப் பாத்துக்கத் திறமை வேணும், பொறுமை வேணும், ஊர் மதிக்கிற ஆளா இருக்கணும்." மனைவி பக்கம் திரும்பிக் கனிவாகச் சிரித்தார்.

நியாவிரா கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"தலைவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. அவ்வளவு பெரிய பதவிக்கு நான் எம்மாத்திரம்? அந்த மூணும் ஒண்ணாச் சேந்த ஒரே மனுஷரை முன்மொழியறேன். திரு. கிச்சூரு."

"வழிமொழியறேன்," என்றாள் நண்பர் தூவோவின் மனைவி வாங்கேச்சி, தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்காமலே.

"இருங்க, இருங்க. நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"அந்தப் பதவி பெரிசில்லைங்கிறீங்களா?" என்றாள் நியாவிரா.

"பெரிசுதான். ஆனா..."

"இல்ல, சின்ன வேலைன்னு நெனச்சுத்தான் என் தலையில கட்டப் பாத்தீங்களா?"

கிச்சூரு உதவி தேடித் தூவோவைப் பார்த்தார். வழிநெடுக சொற்பொழிவு கேட்காத ஒரு பயணத்தைத் தூவோ ஒரு கணம் நினைத்துப் பார்த்தார். முதல் கைதட்டல் அவருடையது. மற்றவர்கள் தொடர்ந்தார்கள்.

முன்மொழிந்து, வழிமொழிந்து, கையும் தட்டிவிட்டால் அந்த ஊரில் பதவியை உதற முடியாது. எத்தனையோ அப்பாவிகளைக் கருமாதிக் குழுப் பொருளாளராக்கி, அதை எழுதாத சட்டமாக்கியவரே கிச்சூருதான்.

விடியற்காலையில் வேன் கிளம்பியது. ஜன்னலோரத்தில் நியாவிரா. வாசலில் துணைக்குழுத் தலைவர்.

மதியம் பசித்தது. கிச்சூரு தன் மூன்று மகள்களையும் கூடத்தில் உட்காரவைத்து, கம்பீரமாக ஆரம்பித்தார்.

"சாப்பாடு விஷயமா ஒரு கூட்டம் போட்டுப் பேசலாம்."

"சப்பாத்தி துணைக்குழுவுக்கு அப்பா பேரை முன்மொழியறேன்," என்றாள் மூத்தவள் வைரிமு.

நடுவுள்ளவள் வழிமொழிந்தாள். பேச்சே வராத கடைக்குட்டி கை தட்டியது.