ஏழாம் நம்பர் எலிக்காக அழுத்தியது

அன்புள்ள மருமகளுக்கு, தாய்மாமன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் முப்பது எலிகளும் சௌக்கியம். உன் சௌக்கியத்தையும் பிறந்து பன்னிரண்டு நாளான சின்னவளின் சௌக்கியத்தையும் எழுதவும். போனில் சொன்னால் பாதியில் கத்துவாய் என்பதால் கடிதம்.

கிடங்கில் ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு எலி ஜென்மப் பகையாளி. இருந்தும் நீ பிரசவத்துக்குப் போகும்போது உன் டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்கான எலிக்கூண்டுகளை என் பொறுப்பில் விட்டாய், நானும் தலையாட்டினேன். நீ சொன்னதெல்லாம் நினைவிருக்கிறது. கூண்டுக்குள் ஒரு கிண்ணத்தில் சப்பென்ற தீனி சும்மா கிடக்கும். லீவரை ஐந்து தடவை அழுத்தினால் இனிப்பு உருண்டை ஒன்று விழும். சாதாரண எலி இனிப்புக்காக மாங்கு மாங்கென்று அழுத்தும். மூளையில் டோபமைன் என்கிற ரசாயனத்தின் வேலையைத் தடுக்கிற மருந்தைப் போட்டுவிட்டால், பசி போகாது, இனிப்பும் கசக்காது, ஆனால் அதற்காக மெனக்கெடும் எண்ணம் போய்விடும். கிண்ணத்தில் கிடப்பதையே தின்றுவிட்டுச் சும்மா இருக்கும். எந்த எலிக்கு மருந்து, எதற்கு வெறும் உப்புத்தண்ணீர் என்பது ஊசி போடும் நர்ஸம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். பட்டியல் உறைக்குள் இருக்கிறது. திங்கட்கிழமை பிரிப்பார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். பாதி எலிகள் அழுத்திக்கொண்டிருக்க, மற்ற சோம்பேறிகள் கிடைத்ததைத் தின்றுவிட்டுச் சுருண்டுகொள்ள, ஏழாம் நம்பர் மட்டும் லீவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, மருந்து செய்கிற வேலை, பாவம் அது என்ன செய்யும் என்று பென்சிலைக் கம்பி வழியாக விட்டு ஐந்து தடவை நானே அழுத்தினேன், உருண்டை விழுந்தது, தின்றது, திரும்பவும் என்னையே பார்த்தது, மறுநாள் நான் உள்ளே நுழைந்ததுமே கம்பி ஓரமாக வந்து நின்றது, நானும் மனுஷன்தானே, இப்படியே ஒன்பது நாள் ஓடிவிட்டது. லீவர் அழுத்துவதைக் கம்ப்யூட்டர் எண்ணும் என்று நீ சொல்லியிருந்தாய். யார் அழுத்தினாலும் எண்ணும் என்று சொல்லவில்லை.

நேற்று பேராசிரியர் திரையைப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, ஏழாம் நம்பர் நானூத்திப் பன்னெண்டு தடவை அழுத்தியிருக்கு! மருந்து போட்ட எலியா இருந்தா இந்த ஆராய்ச்சியே கவுந்துடும்" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மருந்து போட்ட எலிதான் அது, பார்த்தாலே தெரிகிறதே. உன் நாலு வருஷ உழைப்பு என் பென்சில் முனையில் போய்விடுமோ என்று உண்மையாகவே பயமாக இருக்கிறது. ஆகவே உறையைப் பிரிக்கும் முன்பே ஏழாம் நம்பரைக் கணக்கிலிருந்து தள்ளச் சொல்லி அவருக்கு எழுதிவிடு. காரணமாக என்னையே காட்டு.

தாயும் சேயும் நூறு வருஷம் நன்றாக இருங்கள். மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு. வேளாவேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் மாமா

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்குள் திங்கட்கிழமை வந்துவிட்டது, உறையையும் பிரித்துவிட்டார்கள். ஏழாம் நம்பருக்கு உப்புத்தண்ணீர்தானாம். மருந்து போடாதது நானூறு தடவைக்கு மேல் உழைத்திருக்கிறது, போட்டவை சும்மா கிடந்திருக்கின்றன. நீ எழுதியது அத்தனையும் அமோகமாக நிரூபணம். பேராசிரியர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நர்ஸம்மா மட்டும், "முதல் நாள் நல்லாத்தான் அழுத்திட்டிருந்துச்சு, நீங்க வந்தப்புறம்தான் உக்காந்துடுச்சு" என்றார். அந்தப் பயல் என்னை வேலை வாங்கியிருக்கிறான்.

மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டால் நீ இந்த மாதமே டாக்டர். இரண்டு தடவை கிழிக்கப் பார்த்தேன், கை வரவில்லை. வெள்ளிக்கிழமை பேராசிரியரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன். அதற்குள் நீ போன் பண்ணினாலும் சொல்லிவிடுவேன், பண்ணாவிட்டாலும் சொல்லிவிடுவேன். ஆனால் "என் மருமகதான் சொல்லச் சொன்னா" என்று சொல்ல முடிந்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.