வலைக்குப் பின்னால் நின்ற மார்க்கர் மாமா

ஒரு வலை வாங்குவதற்காகத் தன் மூக்கையே முன்னால் நிறுத்திய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவரை எனக்குத் தெரியும். சிதம்பரத்தில் நான் படித்த பெண்கள் கல்லூரியில் மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுகிற மார்க்கர். எங்களுக்கு மார்க்கர் மாமா. சொந்தப் பெயர் ஆபீஸ் பதிவேட்டில் இருந்திருக்கலாம். யாரும் போய்ப் பார்க்கவில்லை.

போன வாரம் கடலூரில் என் மகளின் பள்ளியில் கூட்டம் போட்டார்கள். பேஸ்பாலுக்கும் சாஃப்ட்பாலுக்கும் சேர்த்துப் பந்து தடுக்க ஒரே வலை போதுமா என்று ஒரு மணி நேரம் திரையில் படம் காட்டினார்கள். "யாராவது பின்னாடி நின்னு பாத்தீங்களா?" என்று கேட்டேன். எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். மாமாவைத் தெரியாதவர்கள், பாவம்.

எந்தப் பொருளையும் தன் உடம்பில் சோதிக்காமல் நம்ப மாட்டார் அவர். புதுக் குடை வாங்கினால் மைதானத்துக் குழாயைத் திறந்துவிட்டு அடியில் குந்திக்கொள்வார். விளையாட்டு விழாவுக்கு நூறு வாடகை நாற்காலி வந்தால் நூறிலும் உட்கார்ந்து எழுவார். ஒருமுறை எழுபதாவது நாற்காலியில் தூங்கிவிட்டார். சிறப்பு விருந்தினர் வந்து நின்ற பிறகுதான் எழுப்பினோம். "இது நல்ல நாக்காலி சார், தைரியமா குந்துங்க" என்று இடம் கொடுத்தார்.

நாங்கள் ஆடியது சாஃப்ட்பால். அந்தப் பந்து முதுகில் பட்டால் இரண்டு நாள் குப்புறத்தான் படுக்க வேண்டும். அடிக்கிறவளுக்குப் பின்னால் இடுப்பளவு மதில், மதிலுக்கு அந்தப் பக்கம் பஸ் நிறுத்தம். மட்டையின் விளிம்பில் பட்ட பந்து பின்பக்கமாகத்தான் பறக்கும். அப்படி அடிப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஒருநாள் நான் அடித்த பந்து, லால்பேட்டை போகும் பஸ்ஸின் ஜன்னல் வழியாக ஒருவர் மடியில் போய் விழுந்தது. பஸ் கிளம்பிவிட்டது. அந்த மனிதர் மறுநாள் அதே பந்தைப் பத்திரமாகக் கொண்டுவந்து நேராகப் பிரின்சிபால் கையில் கொடுத்துவிட்டார். அவர் அவ்வளவு நல்லவராக இருந்ததுதான் வினையாகிவிட்டது.

"இன்னும் ஒரு பந்து ரோட்டுக்குப் போனாலும் இந்த ஆட்டமே கிடையாது. அந்த எடத்துல ஸ்டாஃப் வண்டி நிறுத்திக்கலாம்" என்றார் பிரின்சிபால். ஏற்கெனவே என் அப்பா, எப்போது இந்த ஆட்டத்துக்கு முழுக்குப் போடவைக்கலாம் என்று காத்துக்கொண்டிருந்தார். மட்டை பிடிக்கும் அந்த ஒரு மணி நேரம் போய்விட்டால் எனக்கு என்ன மிஞ்சும்?

வலை கட்டுவது என்று முடிவானது. விளையாட்டு ஆசிரியை, மாமாவோடு என்னையும் கேப்டன் சாந்தியையும் பந்தோடு கடலூருக்கு அனுப்பினார். துறைமுகம் பக்கம் ஒரு மீன்வலைக் கடையில் ஏறினோம்.

"என்ன மீனுக்கு?" என்றார் கடைக்காரர்.

"மீனு இல்லீங்க. பந்துக்கு."

கடைக்காரர் அசரவில்லை. பந்தை வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டு மூன்று வலைகளை எடுத்துப் போட்டார். மாமா முதல் வலையை முகத்தில் போர்த்திக்கொண்டார். "கொசுவலை மாதிரி இருக்கு. பொண்ணுங்க ஆடுறதே தெரியல. காத்தடிச்சா கம்பத்தையும் சாய்ச்சிடும்." இரண்டாவதில் பந்தைத் தள்ளினார், அந்தப் பக்கம் போய் விழுந்தது. மூன்றாவது கறுப்பு வலை. விரல் போனது, பந்து போகவில்லை.

"அம்பது கிலோ திருக்கை மாட்டினாலும் இது அறுவாது" என்றார் கடைக்காரர்.

"திருக்கை நீந்தி வரும். பந்து பறந்துல்ல வரும்?"

கடைக்கு வெளியே இரண்டு கம்பத்துக்கு நடுவே வலையைத் தொங்கவிடச் சொன்னார் மாமா. பின்னால் போய் மூக்கு உரசுகிற மாதிரி நின்றுகொண்டார். "பாப்பா, மூஞ்சப் பாத்து வீசு."

"வேணாம் மாமா."

"நீ வீசலன்னா நான் எப்டி வாங்குறது?"

வீசினேன். வலை பந்தை விடவில்லை. ஆனால் பந்தோடு சேர்ந்து வலையே பின்னால் போய் அவர் மூக்கில் மோதியது. அப்படியே உட்கார்ந்துவிட்டார். கடைக்காரர் தண்ணீரோடு ஓடிவந்தார். மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு மாமா கேட்டது ஒன்றுதான்.

"பந்து உள்ள வந்துச்சா?"

"வரலீங்க."

"அப்ப இதான். கட்டுங்க."

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர், "யாருங்க அடிச்சது?" என்று விசாரித்தார். "இந்தப் பாப்பாதான். நல்லா வீசுது" என்றார் மாமா, பெருமை தாங்காமல். எனக்கு ஸீட்டுக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது.

மதிலுக்கு ஐந்து காலடி முன்னால் மாமா வலையைத் தொளதொளவென்று கட்டினார். பார்வையிட வந்த பிரின்சிபால் முகம் சுளித்தார். "என்ன இது, காயப்போட்ட பொடவை மாதிரி? இழுத்துக் கட்டுங்க."

"இழுத்துக் கட்டினா பந்து திரும்பி வந்து பொண்ணுங்களையே அடிக்கும் மேடம். தொங்கினாத்தான் அடிய வாங்கிக்கும்."

"தாங்குமா?"

"பாத்துடலாம் மேடம்."

சொல்லிவிட்டு வலைக்குப் பின்னால் போய், மதிலில் முதுகு படும்படி நின்றார். சாந்தி பந்து போட, நான் மட்டையோடு நின்றேன். "இப்ப ரோட்டுல விழுந்தா அதோட முடிஞ்சுது" என்றார் பிரின்சிபால். மூன்று வருஷமாகப் பின்பக்கமே அடித்தவள், அன்றைக்கு முதல் இரண்டு பந்தையும் ஒழுங்காக முன்பக்கம் அடித்துத் தொலைத்தேன்.

"பாப்பா, எப்பவும் போலத் தப்பா அடிம்மா" என்று வலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

மூன்றாவது பந்து விளிம்பில் பட்டு நேராக அவரைப் பார்த்துப் பறந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். திறந்தபோது வலை ஆடிக்கொண்டிருந்தது. பந்து அதன் அடியில், எங்கள் பக்கம் கிடந்தது. பிரின்சிபால் "தொங்கட்டும்" என்று சொல்லிப் போய்விட்டார்.

எல்லோரும் கத்திக் குதித்து ஓய்ந்த பிறகு கேட்டேன். "மாமா, வலை அறுந்திருந்தா?"

"அறுந்தா என்ன? நான் நின்னன்ல. எம்மேல பட்டு அங்கியே வுழுந்திருக்கும். ரோட்டுக்குப் போயிருக்காது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கவனிக்கவில்லை, குதித்ததில் அழிந்துபோன கோட்டைத் திரும்பப் போட சுண்ணாம்பு எடுக்கப் போய்விட்டார். நான் ஆட வேண்டும் என்று என்னைவிட அதிகமாக ஆசைப்பட்டவர், என் வாழ்க்கையில் அவர் ஒருவர்தான்.