ராணிக்குப் போர்வை கேட்டவர்

எகிப்து ராணி ஒருத்தியின் மானத்துக்காகத் தன் வேலையைப் பணயம் வைத்த ஆள் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் பிரிக்பீல்ட்ஸில் எங்களோடு ஒரே வீட்டில் குடியிருந்தார். நானும் அவரும் ஒரே ஆபீஸில் கிராணிகள், அதாவது குமாஸ்தாக்கள். சொந்தப் பெயர் சம்பள நாளில் மட்டும் காதில் விழும். மற்ற நாளெல்லாம் அவர் போர்வை கிராணி.

எகிப்துக் கல்லறைகளைத் தோண்டி, மம்மிகளின் துணிக்கட்டைப் பிரித்து ஆராய்ந்துகொண்டிருந்த காலம் அது. பத்திரிகைகளில் படம் படமாக வரும். இவர் ஒரு வரி விடாமல் படிப்பார். படித்து முடித்ததும் படத்தின்மேல் வெள்ளைக் காகிதத்தை ஒட்டிவிடுவார். முடிவெட்டும் கடைப் பத்திரிகையும் தப்பவில்லை.

“என்ன கிராணியாரே, செத்தவனுக்கு என்ன வெக்கம்?” என்று கேட்டார் கடைக்காரர்.

“உங்க அப்பாவைத் தோண்டி எடுத்து, வேட்டியை அவுத்துப் படம் புடிச்சா சும்மா இருப்பீங்களா?”

அன்று அவர் பாதிச் சவரத்தோடு ஆபீசுக்கு வந்தார். அந்தப் பாதி முகத்திலும் கோபம் குறையவில்லை.

உப்பை வைத்து உடம்பின் ஈரத்தை உறிஞ்சித்தான் மம்மி செய்தார்கள் என்று படித்ததிலிருந்து எங்கள் வீட்டில் கருவாட்டுக்குத் தடை. நாங்கள் எதிர்வீட்டில் போய்த் திருட்டுத்தனமாகச் சாப்பிட்டுவிட்டு வாய் கொப்பளித்துக்கொண்டு வருவோம்.

அப்புறம் ஒரு வெள்ளைக்கார டாக்டர் மம்மி ஆராய்ச்சி பற்றிப் படம் காட்டிப் பேச வந்தார். முன்வரிசையில் எங்கள் பெரிய துரை. வேண்டாம் என்று நான் சொல்லியும் இவர் வந்தார். திரையில் பெயர் தெரியாத ஒரு ராணி, கட்டெல்லாம் பிரித்த கோலத்தில். இவர் எழுந்துவிட்டார்.

“அந்த அம்மாவை மூடுங்க” என்றார் இங்கிலீஷில்.

நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். சபை சிரித்தது. டாக்டர் சிரிக்கவில்லை. கட்டைப் பிரித்ததால்தான் இவளைப் பற்றித் தெரிந்தது என்றார். பல்லில் சீழ் கட்டி, தாடை எலும்புவரை அரித்திருந்ததாம்.

“ரொம்ப வலிச்சிருக்குமா?” இவர் குரல் இறங்கிப்போயிற்று.

பல மாதம் தூங்கியிருக்கமாட்டாள் என்றார் டாக்டர்.

“சரி, தெரிஞ்சுக்கிட்டீங்க இல்ல? இப்ப மூடுங்க.”

டாக்டர் திரையிலிருந்து படத்தை எடுத்துவிடச் சொன்னார். ஆனால் துரையின் காது சிவந்துவிட்டது. மறுவாரமே இவரைக் கிள்ளான் துறைமுகக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். ஆபீஸ் முழுக்கப் பைத்தியம் என்று சிரித்தது. ஒரு மனுஷியின் வலியைக் கேட்டு முகம் வாடியவன் பைத்தியம், கொட்டாவி விட்டுக்கொண்டு படம் பார்த்தவர்கள் தெளிவானவர்களாம். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அடுத்த அமாவாசைக்கு அவரைப் பார்க்கக் கிள்ளான் போனேன். ஆற்றங்கரையில், திதி கொடுத்துவைக்கும் பண்டாரத்தோடு வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது.

“செத்தவங்க பேரே தெரியாம எப்படிங்க திதி குடுக்கறது? உங்களுக்கு என்ன உறவு, அதையாவது சொல்லுங்க.”

இவர் ஆற்றைப் பார்த்தபடி, “அக்கா” என்றார்.

பண்டாரம் இலையைப் பார்த்தார். “வெறும் குழைஞ்ச சோறா இருக்கு. வடை, முறுக்கு ஒண்ணும் வைக்கலையா?”

“அவங்களுக்குப் பல்லு வலிங்க.”

பண்டாரம் தர்ப்பையை எடுத்து அவர் கையில் கொடுத்தார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.