வழிகாட்டியும் ஹாரன் வயரும்

பேரீச்சை அறுவடை முடிந்து, நான் வேலை பார்க்கும் கிடங்கை இழுத்துப் பூட்டிய அன்று ஒரு மகத்தான முடிவெடுத்தேன். தனியாகப் போகப் போகிறேன். என் மோட்டார் சைக்கிளில், உப்பு ஏரியைக் கடந்து, தூஸ் ஊரையும் தாண்டி, மணல் தொடங்கும் இடத்துக்கு. ஒரு மேட்டில் மல்லாந்து படுக்க வேண்டும். "துஹாமி!" என்று யாரும் கூப்பிடாத ஒரு மதியத்தைச் சொட்டுச் சொட்டாகக் குடிக்க வேண்டும்.

சொன்னபோது என் மனைவி முபாரக்கா கூஸ்கூஸ் ரவையை ஆவியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"தனியாவா? ரொட்டிக் கடைக்குப் போனவன் ரயில் நிலையத்துல போய் நின்னியே, அந்த நீயா?"

"அது அந்தத் தெருவோட தப்பு."

"கெபிலியில என் தம்பி புது வீடு கட்டி எவ்ளோ நாளாச்சு! சுவருக்குச் சுண்ணாம்படிக்க வாங்க மச்சான்னு அவனும் கூப்பிட்டுக்கிட்டே இருக்கான். வழி தெரியாது, வழி தெரியாதுன்னு தட்டிக் கழிக்கிற. மணலுக்கு மட்டும் வழி தெரிஞ்சிருமா?"

"அதுக்குத்தான் ஜி.பி.எஸ். வாங்கப் போறேன்."

அகப்பை பாதியில் நின்றது.

"அது எல்லா வழியும் சொல்லுமா?"

"உலகத்துல இருக்கிற அத்தனை வழியும்."

"அப்ப வாங்கு," என்றாள்.

அந்த இடத்தில் நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷப்பட்டுவிட்டேன்.

கருவி வந்தது. உள்ளங்கை அளவு. ஆனால் அதன் சொந்த பேட்டரி எங்கள் தோஸர் ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் கண்ணை மூடிவிடும். வண்டியிலிருந்து கரண்ட் கொடுக்க வேண்டும். வண்டி பேட்டரி பன்னிரண்டு வோல்ட். கருவிக்கு ஐந்து வோல்ட் போதும். நடுவில் ஒரு குட்டிப் பெட்டி உட்கார்ந்துகொண்டு பன்னிரண்டை ஐந்தாகக் குறைத்துவிடும். கல்யாணம் என்னை என்ன செய்ததோ, அதே வேலை.

முதலில் நேரே பேட்டரியிலேயே மாட்டினேன். திரை பளிச்சென்று எரிந்தது. நானும் அன்று முழுக்க எரிந்துகொண்டேதான் இருந்தேன், பெருமையில். மறுநாள் காலை உதைத்தால், வண்டி ஒரு முனகல்கூட முனகவில்லை. சாவியை எடுத்த பிறகும் கருவி விடிய விடிய பேட்டரியை உறிஞ்சியிருக்கிறது.

"செத்துப் போச்சா?" என்றாள் முபாரக்கா.

"தூங்குது."

"உன்கூடச் சேர்ந்தா எல்லாமே தூங்கும்."

அடுத்து பின்விளக்குக்குப் போகும் ஒரு வயரைப் பிடித்தேன். தெருவில் ஓட்டிப் பார்த்தேன். பிரேக்கை மிதித்தால் கருவி எரிகிறது, விட்டால் அணைகிறது. நான் பிடித்தது பிரேக் விளக்கின் வயர். அதாவது, நின்றால் வழி சொல்லும். கிளம்பினால் வாயை மூடிக்கொள்ளும்.

கடைசியில் முபாரக்காவே முற்றத்துக்கு வந்து குந்தினாள். நான் சீட்டைக் கழற்றிவிட்டு அதன் அடியில் தலையை நுழைத்தேன்.

"சிவப்பு வயர் என்னது?"

"பிளஸ்."

"கறுப்பு?"

"மைனஸ்."

"நம்ம வீட்டுல யாரு பிளஸ்?"

"நீதான் பிளஸ். ஆனா மைனஸ் இல்லாம பிளஸ் எரியாது, தெரிஞ்சுக்கோ."

"பிளஸைத் தப்பா தொட்டா மைனஸ் புகைஞ்சிரும், நீயும் தெரிஞ்சுக்கோ. சரி, ஹாரன் எப்ப அடிக்கும்?"

"பட்டனை அமுக்கினா."

"சாவி போடாம அமுக்கினா?"

"அடிக்காது."

"அப்ப சாவி போட்டாத்தான் ஹாரனுக்குக் கரண்ட் வருது. அங்கேருந்து எடுக்க வேண்டியதுதானே?"

சீட்டுக்கு அடியில் ஒரு திருகாணியைத் தேவையில்லாமல் இறுக்கினேன். பிறகு, "அதைத்தான் நானும் யோசிச்சுக்கிட்டு இருந்தேன்," என்றேன்.

ஹாரனுக்குக் கரண்ட் வரும் வயரிலிருந்து இணைப்பு எடுத்து, நடுவில் ஒரு ஃப்யூஸ் போட்டு, டேப் சுற்றினேன். தூஸ் என்று நான் ஏற்கெனவே போட்டு வைத்திருந்த கருவி அவள் கையில் இருந்தது.

"எரியுதா?"

"எரியுது."

"நல்லா பாரு. அணைஞ்சு அணைஞ்சு எரியுதா?"

"இல்ல, நிக்குது. நீ அவசரப்படாம சுத்து. நான் பாத்துக்கிட்டே இருக்கேன்."

எவ்வளவு பொறுமை! என் கண் கலங்கியது. டேப் பசையின் வாடையாகவும் இருக்கலாம்.

கிளம்பும் நாள் காலையில் ரொட்டியில் ஹரிஸ்ஸா மிளகாய் விழுது தடவி, ஆலிவ் வைத்துக் கட்டிக் கொடுத்தாள். நான் நல்ல சட்டையை எடுத்தேன். "புழுதி படும், பழசைப் போடு," என்று கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். என்ன அக்கறை!

உப்பு ஏரி வந்தது. நடுவே நீண்டு கிடக்கும் சாலையில் நான் மட்டும். இரண்டு பக்கமும் வெள்ளை. ஓரத்து வாய்க்கால்களில் தேங்கிய தண்ணீர் ஒரு பக்கம் ரோஜா நிறம், மறு பக்கம் பச்சை. யாரோ வானத்தைக் கழுவி, அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டுப் போனதுபோல. தூரத்தில் கானல் எழுந்தது. அதில் பேரீச்ச மரங்கள் தலைகீழாக நடந்தன. ஒரு நகரம் மிதந்து வந்து, என்னைப் பார்த்துவிட்டுக் கலைந்தது. வண்டியை நிறுத்தினேன். உப்பு வெயிலில் மெல்ல வெடிக்கும் சத்தம் கேட்டது. எனக்கு வயது இல்லை, பெயர் இல்லை, மனைவி இல்லை. நான் ஒரு உப்புக்கல். எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ! பின்னால் வண்டிகள் போயின, வந்தன. எதையும் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுபடி கிளம்பினேன். திரையில் ஒரு நீலக் கோடு. நதியில் விழுந்த இலைபோல அந்தக் கோட்டின் மேல் மிதந்து போனேன். கெபிலியில் இடப்பக்கம் திரும்பச் சொன்னது. தூஸுக்கு நேராகத்தானே போக வேண்டும்? குறுக்கு வழியாக இருக்கும். பேரீச்சந்தோப்பு, நிழல், வாய்க்கால் சலசலப்பு. மறுபடி இடம். பிறகு வலம். ஒரு புது இரும்புக் கதவு முன்னால் கருவி சொன்னது: வந்து சேர்ந்துவிட்டீர்கள்.

கதவு திறந்தது. கையில் பிரஷ்ஷோடு என் மைத்துனன் அம்மார்.

"வாங்க மச்சான்! அக்கா சொன்னப்ப நான் நம்பவே இல்ல!"

அவன் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். முற்றத்தில் பாய் விரித்து, முபாரக்கா தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ எப்படி இங்க?"

"வாடகை வேன்ல வந்தேன். ஏரி நடுவுல வாயப் பொளந்துக்கிட்டு நின்னியே, ஜன்னல் வழியா கைகூட காட்டினேன். நீ எங்கியோ இருந்த."

"கருவியில நான் தூஸ்னுதான் போட்டேன்!"

"போட்ட. சீட்டுக்கு அடியில தலைய விட்டிருந்தப்ப நான் மாத்திட்டேன். அவசரப்படாம சுத்துன்னு சொன்னேன்ல?"

வழி காட்டும் கருவி என்று வாங்கினேன். அது என்னை வழிக்குக் கொண்டுவந்துவிட்டது.

முன் சுவர் அடித்தேன். பக்கச் சுவர் அடித்தேன். ஏணியில் ஏறி வாசல் வளைவும் அடித்தேன். அம்மார் கீழே நின்று, "அங்க ஒரு திட்டு விட்டுப் போச்சு மச்சான்," என்று சொல்லும் கடினமான வேலையைச் செய்தான். இடையிடையே தெற்கே பார்த்தேன். தோப்புக்கு மேலே வானம் மணல் நிறத்தில் காத்துக்கொண்டிருந்தது. பிரஷ்ஷை மறுபடி சுண்ணாம்பில் தோய்த்தேன்.

ஏணியிலிருந்து இறங்கியபோது முபாரக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்த மணல் அவ்ளோ நல்லா இருக்குமா?" குரல் மெதுவாக வந்தது.

"இருக்கும்."

"நான் பாத்ததே இல்ல. நீ தனியா போறேன்னு சொன்னப்ப, நீயும் வாயேன்னு ஒரு வார்த்தை கேப்பன்னு நின்னேன்."

பிரஷ்ஷைக் கீழே வைத்தேன். அவள் கையை நீட்டினாள்.

"சாவியக் குடு. வெயில் இறங்குறதுக்குள்ள போயிரலாம்."

"நீயா? உனக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?"

"கல்யாணத்துக்கு முன்னாடி எங்க அப்பா வண்டிய நான்தான் ஓட்டுவேன். நீ கேட்டதே இல்லையே!"

உடம்பைச் சுற்றியிருந்த மேல்போர்வையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரே உதையில் வண்டியைக் கிளப்பினாள். கருவியை ஒரு முறை தட்டினாள். திரையில் தூஸ் வந்து நின்றது.

"ஏறு மனுஷா. பின்னாடி உக்காந்து நிம்மதியா கனவு காணு. யாராவது ஒருத்தர் ரோட்டைப் பாக்கணும்ல?"

ஏறினேன். இருந்த ஒரே ஹெல்மெட் அவள் தலையில் இருந்தது. என் தலையில் சுண்ணாம்பு.