திமிங்கலத்துக்குக் காட்டிய கற்பூரம்

பயத்தில் நான் செய்யும் காரியங்களைப் பக்தி என்று நினைத்துத்தான் ஊர் என்னை மதிக்கிறது. ஒரே ஒரு முறை உண்மை வெளியே வந்துவிட்டது. நல்லவேளை, அது நார்வேயில்.

தொண்ணூறுகளில் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. புதிதாக வாங்கும் இயந்திரத்தைப் பார்த்துச் சரி சொல்லிவிட்டு வர, என்னையும் எங்கள் ஃபோர்மன் கிருஷ்ணப்பா அண்ணனையும் நார்வேயின் வடகோடிக்கு அனுப்பினார்கள். இயந்திரம் கப்பலேறும் முன் அங்கேயே பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டினோம். (பூஜை போடாத மெஷினை எங்கள் ஷிஃப்டில் எவனும் தொடமாட்டான்.) வெள்ளைக்காரர்கள் தொப்பியைக் கழற்றி நின்றார்கள். அந்த மரியாதைதான் என்னைக் கெடுத்தது.

கடைசி நாள், திமிங்கலம் பார்க்கப் படகில் கூட்டிப்போனார்கள். அந்த வருடம் ஓய்வு பெறவிருந்த அண்ணன், திமிங்கலம் பார்க்கப் போவதாகத் தன் ஊர் உத்தனப்பள்ளி முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"மெஷின் கெடக்குதுடா. நான் வந்ததே அந்த மீனப் பாக்கத்தான்."

"மீனில்லண்ணா. குட்டி போட்டுப் பால் குடுக்குமாம்."

"எருமையாட்டமா? அப்ப பாத்தே ஆவணும்!"

கோடைகாலம் என்றார்கள், நான் மூன்று ஸ்வெட்டருக்குள் நடுங்கினேன். கிருஷ்ணகிரி அணையைவிடப் பெரிய தண்ணீரை அதுவரை பார்த்தவனில்லை. வெகுநேரம் எதுவும் வரவில்லை. பிறகு, படகை ஓட்டிய ஆஜானுபாகுவான அம்மாள் இன்ஜினை நிறுத்திவிட்டுக் கிசுகிசுத்தார்: "நமக்கு அடியில்தான் இருக்கிறது. இப்போது மேலே வரும்."

அடியிலா! புது லாரி என்றால் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்போம். அடியில் திமிங்கலமே இருந்தால் எதை வைப்பது?

பாக்கெட்டில் மிச்சக் கற்பூரம் இருந்தது. எல்லாரும் முகப்பில் நிற்க, நான் பின்பக்கம் நழுவி, காற்றுப் படாமல் பீப்பாய்களுக்கு நடுவே ஒரு தட்டில் கற்பூரத்தை ஏற்றினேன். கிழக்கு பார்த்துக் கும்பிட வேண்டும். சூரியன் மறையவே மறையாத ஊரில் கிழக்கை யாரிடம் கேட்பது? குத்துமதிப்பாக முகப்பைப் பார்த்து நின்று, கண்ணை இறுக மூடிக்கொண்டு, உயிரோடு ஊர் சேர்ந்தால் மொட்டை போடுவதாக வேண்டினேன்.

பீப்பாய்களில் இருந்தது டீசல். (எங்கள் தொழிற்சாலையின் தீத்தடுப்புக் குழுவில் நானும் ஒருவன் என்பதை இங்கே சொல்லாமல் விடலாம் என்று பார்த்தேன்.)

அம்மாள் அலறினார். மணி அடித்தது. மொத்தப் படகும் என்னை நோக்கி ஓடிவந்தது. யாரோ என்மேல் நுரையைப் பீய்ச்சினார்கள்.

"ஏமிரா இதி! டீசலுக்கா ஆரத்தி காட்ற?" என்று கத்தினார் அண்ணன். பதறினால் அவருக்குத் தெலுங்குதான் முதலில் வரும்.

அந்த நேரம் பார்த்து, அத்தனை பேரின் முதுகுக்கும் பின்னால், முகப்புப் பக்கம், 'புஸ்ஸ்ஸ்' என்று ஒரு பெருமூச்சு. தொடர்ந்து மலை சரிந்து விழுந்த மாதிரி தண்ணீர்ச் சத்தம். எல்லாரும் திரும்பியபோது வட்டவட்டமாக அலை மட்டும் இருந்தது.

அந்தப் பக்கம் பார்த்து நின்றவன் நான் ஒருவன்தான். அண்ணன் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"நீயாச்சும் பாத்தியாடா? எப்படி இருந்துச்சு? சொல்றா!"

"நுரை அடிச்சப்பகூட கண்ண மூடிக் கும்பிட்டுனுதான் இருந்தேண்ணா."

திரும்பும் விமானத்தில் அவர் வேறு வரிசைக்கு மாறி உட்கார்ந்துகொண்டார். மொட்டை மட்டும் சொன்னபடி போட்டேன்.

போன மாதம் என் மகள் கல்யாணம். மணமேடையில் கற்பூரம் ஏற்றியதும் வழக்கம்போல் என் கண் தானாக மூடியது. எண்பதைத் தாண்டிய அண்ணன் முன்வரிசையிலிருந்து குரல் கொடுத்தார்:

"டேய், கண்ணத் தொற! மாப்பிள்ளையயாச்சும் ஒழுங்கா பாத்துக்கோ!"