கோபம் வராத கரடியும் செலவு கேட்ட அணிலும்

ஒரு காட்டில் ஓர் அணில் வாலை நீட்டிப் போட்டுக்கொண்டு வழியோரம் வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தது. செல்போனைப் பார்த்தபடியே ஸ்கூட்டரில் வந்த கரடி, வாலின்மேல் ஏற்றிவிட்டது. பாதி வால் போயே போச்சு.

அணிலுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நேரே மரங்கொத்தி வக்கீலைப் பிடித்தது. மனுவை மரத்தில் கொத்திக் கொத்தி எழுதுகிறவர் அவர். கொத்துக்கு ஒரு கடலை கட்டணம்.

"கையில இல்லேன்னா என்னம்மா? உங்க பொந்தை எழுதிக் குடுங்க. ஜெயிச்சதும் செலவெல்லாம் கரடிகிட்ட வாங்கி மீட்டுக்கலாம்" என்றார். அணிலும் எழுதிக் கொடுத்தது.

வக்கீல் கொத்தினார், கொத்தினார், முந்நூறு கொத்து கொத்தினார். ஜெயிக்கிற கேஸ்தான். ஆனால் தீர்ப்புக்கு முதல் நாள்தான் நீதிமன்ற வாசலில் தொங்கிய அட்டவணையை அணில் படித்தது. 'வால் காயம்: ஜெயித்தவர் வக்கீல் செலவாகப் பன்னிரண்டு கடலை மட்டும் பெறலாம்.'

அணிலுக்குத் தலை சுற்றியது. நஷ்டஈடாக வரும் ஐம்பதைச் சேர்த்தாலும் பொந்து மீளாது. மூன்று குட்டிகளையும் எங்கே கொண்டுபோய் வைப்பது?

அடியில் பொடி எழுத்தில் இன்னொன்றும் இருந்தது. 'விசாரணையில் எவராவது அடாவடி செய்தால் அட்டவணை செல்லாது. முழுச் செலவும் அடாவடி செய்தவர் தலையில்.'

கரடியோ தங்கமான கரடி. ஒரு வாய்தா கேட்டதில்லை. அனுப்பிய படிவத்தையெல்லாம் மூன்று நகல் எடுத்துக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பியது. இப்படியொரு ஜென்மத்திடம் முழுச் செலவை எப்படி வாங்குவது? அணில் குகைக்கு ஓடியது.

"கரடி அண்ணே, நாளைக்குக் கோர்ட்ல கொஞ்சம் அடாவடி பண்ணுங்கண்ணே. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

"அதுக்கென்ன தங்கச்சி, கட்டப்போறது இன்ஷூரன்ஸ்காரன்தானே. பண்ணிட்டாப் போச்சு!"

மறுநாள் ஆமை நீதிபதி முன்னால் கரடி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுந்தது. "யோவ் ஆமை!" என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டது. "மன்னிக்கணும் அய்யா. வாய் தவறிடுச்சு."

அணில் கண்ணைக் காட்டியது. கரடி ஒரு நாற்காலியைத் தலைக்குமேல் தூக்கியது. எறியப்போகிறது என்று அணில் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. கரடி அதைத் தூசி தட்டி, வாசலில் நின்ற சினை மானுக்குப் போட்டது.

அணிலுக்குப் பொறுமை போய்விட்டது. "நீயெல்லாம் ஒரு கரடியா? ஒரு அடாவடி பண்ணத் துப்பில்ல!" என்று கத்திக்கொண்டே பாய்ந்து, கேஸ் கட்டைக் கிழித்தெறிந்து, கரடியின் காதைக் கடித்துத் தொங்கியது.

ஆமை மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தது. "கேஸ் அணில் பக்கம். கரடி ஐம்பது கடலை தர வேண்டும். ஆனால் அடாவடி நடந்திருப்பதால் அட்டவணை செல்லாது. முழுச் செலவும் அணில் தலையில்."

அன்று மாலையே மரங்கொத்தி பொந்தில் பால் காய்ச்சினார். கரடி தேம்பித் தேம்பி அழுதது. அணிலுக்கு அதைப் பார்க்கப் பார்க்கத்தான் வயிறு எரிந்தது.

நீதி: வண்டி ஏற்றியவன் நல்லவனாக இருந்துவிட்டால் வால் போனவன் பாடு அதோகதி. ஆகவே, ஆளை நன்றாக விசாரித்துவிட்டு அடிபடவும்.